ஏழு சைக்கிளுக்கு மலைவழி பார்க்கப் போனோம்

சனிக்கிழமை அதிகாலை நாலரை மணிக்கு மணலியில் ஒரு லாரியில் ஏறினோம். நானும் பொன்ராஜ் அண்ணாச்சியும். துறைமுகத்தில் இறங்கிய தோல் மூட்டைகளை வாணியம்பாடிக்குக் கொண்டுபோகும் லாரி அது. எங்கள் இரண்டு சைக்கிள்களையும் மூட்டைகளின்மேல் படுக்கவைத்துத் தார்ப்பாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆளுக்கு இருநூறு ரூபாய், சைக்கிளுக்குத் தனியாக ஒன்றும் இல்லை. தோலின் வாடை முதல் பத்து கிலோமீட்டர் வரை தெரிந்தது. பிறகு பழகிவிட்டது.

நாங்கள் மொத்தம் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூர் கடற்கரையில் கூடி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரை சைக்கிளில் போய் வருவோம். போக வர தொண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ராயபுரத்தில் ஐஸ் வண்டி வைத்திருக்கும் அல்போன்ஸ் அண்ணன்தான் எங்களுக்குத் தலைவர். நாலு நாள் மலைப்பயணம் போகவேண்டும் என்று முடிவு செய்தவரும் அவரே. ஏலகிரி ஏறி இறங்கி, திருப்பத்தூர் போய், ஜவ்வாது மலை ஏறி, கடைசி நாள் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்குவது என்று பேச்சு.

அதைத் திட்டமாக எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் கன்டெய்னர் யார்டு ஒன்றின் வாசலில் வண்டி எண் எழுதுகிறவன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். "சேகரு பேசமாட்டான், எழுதுவான்" என்று அல்போன்ஸ் அண்ணன் என் பெயரைச் சொல்லிவிட்டார். எந்த நாள் எத்தனை கிலோமீட்டர், எங்கே சாப்பாடு, எங்கே தூக்கம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை ஏழு பேரும் வீட்டில் காட்டித்தான் சம்மதம் வாங்கினார்கள். அதன் பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. எங்களில் ஒருவர்கூட மலையில் சைக்கிள் ஓட்டியதில்லை. பயிற்சி என்று ஒரு மேம்பாலத்தில் ஆளுக்கு முப்பது தடவை ஏறி இறங்கியிருந்தோம், அவ்வளவுதான்.

"ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அண்ணாச்சி துணைக்கு வருவதாகச் சொன்னார். பழைய வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்தக் கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். ஐம்பத்தாறு வயது. நாங்கள் லாரி ஏறிய அன்று பயணம் புறப்படப் பன்னிரண்டு நாள் இருந்தது.

காலை ஏழு மணி, காஞ்சிபுரம் தாண்டி. இட்லி சாப்பிட லாரி நின்றது. நாலு இட்லி நாற்பது ரூபாய். ஓட்டுநர் குமார் வியாசர்பாடிக்காரர்.

"இன்னாத்துக்கு நைனா இந்த வயசுல மலை? வூட்ல எதுனா பிரச்சினையா?"

"வீட்டுல பிரச்சினை இல்ல தம்பி. மலைக்குப் போறேன்னு சொன்ன பொறவுதான் பிரச்சினையே" என்றார் அண்ணாச்சி.

குமார் சிரித்துவிட்டு, "நான் மலை ஏறும்போது பாட்டு போட்டுக்கினு போவேன். எறங்கும்போது நிறுத்திடுவேன்" என்றார். ஏன் என்று கேட்டிருக்கலாம். எனக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் குறைவு.

காலை பத்து பத்து. வாணியம்பாடி புறவழிச்சாலையில் எங்களை இறக்கிவிட்டார். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் நின்றால் திரும்ப ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். அங்கிருந்து மலையடிவாரம் வரை நல்ல சாலை. அடிவாரத்து ஊரின் பெயரும் பொன்னேரிதான். "எங்க போனாலும் பொன்னேரி வழியாத்தான் போகணும் போலிருக்கு" என்றார் அண்ணாச்சி.

பதினொன்று இருபதுக்கு ஏறத் தொடங்கினோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், மேலே அத்தனாவூர் வரை ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். சமதரையில் அது எங்களுக்கு முக்கால் மணி நேர வேலை. இங்கே மூன்றாவது வளைவிலேயே என் மூச்சு எனக்குக் கேட்டது. கைப்பிடிச் சுவர்மேல் குரங்குகள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பேருந்து ஒன்று எங்களைத் தாண்டியபோது ஜன்னலில் இருந்த ஒருவர் வாழைப்பழம் நீட்டினார். எங்களுக்கா குரங்குக்கா என்று தெரியவில்லை, அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். நாலு வளைவுகளைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்தோம். மரங்களுக்கு நடுவில் கீழே நாங்கள் வந்த சாலை மடிந்து மடிந்து தெரிந்தது. இரண்டு நாற்பதுக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். மூன்று மணி இருபது நிமிடம்.

சாப்பாடு தொண்ணூறு ரூபாய். இருவர் தங்க அறை எண்ணூறு. காற்று குளிர்ந்திருந்தது, அதில் உப்பு இல்லை. மாலையில் அல்போன்ஸ் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஏறிட்டோம் அண்ணே."

"நெஞ்சு வலி, கிஞ்சு வலி?"

"ஒண்ணும் இல்ல."

"பாத்தியா மாமு. பாலத்துல ஏறுனது வீண் போவல."

அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். ஏற முடியுமா என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இறக்கம் வரும் நாட்களுக்கு நேரே என் தாளில் 'ஓய்வு' என்றுதான் எழுதியிருந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணி. லேசான பனி. இறங்கத் தொடங்கினோம். நான் முன்னால், அண்ணாச்சி என் பின் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால்.

அது எங்கள் வழக்கம். எண்ணூர் சாலையில் கடல் காற்று பலமாக அடிக்கும், பக்கத்திலேயே ட்ரெய்லர்கள் போகும். அதனால் ஏழு பேரும் ஒருவர் சக்கரத்தோடு ஒருவர் ஒட்டி ஒரே வரிசையில் போவோம். நடுவில் யாராவது பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் மோதிவிடுவார். அதற்காகவே ஒரு சட்டம் வைத்திருந்தோம். வரிசையில் பிரேக் பிடித்தவர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கவேண்டும். பிரேக் பிடிக்காமல் ஓட்டுவதுதான் எங்களுக்குக் கெட்டிக்காரத்தனம். வேகத்தைக் குறைக்க மிதிப்பதை நிறுத்துவோம், தேவைப்பட்டால் காலைத் தரையில் ஊன்றுவோம்.

முதல் மூன்று வளைவுகள் சுகமாக இருந்தன. அடுத்த வளைவுக்கு முன்னால் வண்டி என் பேச்சைக் கேட்காமல் போவது தெரிந்தது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். ரப்பர் கருகும் வாடை வந்தது. பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். அண்ணாச்சி கத்தவில்லை. என் வலது பக்கமாக, இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனார். எதிரே வளைவு. அதற்கு அப்பால் இடுப்பளவு சுவர், சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லை.

அவர் கைப்பிடியை மலைப்பக்கம் திருப்பினார். சாலை வேலைக்காகக் கொட்டிவைத்திருந்த மணல் குவியலில் சக்கரம் புதைந்தது. சைக்கிள் நின்றது, அண்ணாச்சி நிற்கவில்லை. குவியலைத் தாண்டிப் போய் விழுந்தார்.

நான் எப்படி நின்றேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி."

"இருக்கேன்."

"எங்க அடி?"

"செருப்பு ஒண்ணு காணல. தேடுதேன்" என்றார்.

வலது முழங்கை தோல் உரிந்திருந்தது. வேறு அடி இல்லை. பக்கத்தில் பலாச்சுளை விற்க உட்கார்ந்திருந்த ஒரு பெண் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார். காயத்தைக் கழுவிவிட்டுத்தான் திட்டினார்.

"ஏங்க, மாட்டு வண்டிக்குப் பின்னால கன்னுக்குட்டியக் கட்டுன மாதிரி ஒட்டிக்கினு வர்றீங்களே. இங்க சைக்கிள்ல வர்ற பசங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் எவ்ளோ தூரம் விட்டு எறங்குறானுங்க தெரியுமா? அதுவும் ரெண்டு வளைவுக்கு ஒருக்கா நிறுத்தி, சக்கரம் சூடாயிருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுப் போவானுங்க."

அண்ணாச்சியின் முன் பிரேக் வயர் அறுந்திருந்தது; பின் பிரேக் மட்டும் அந்த இறக்கத்துக்குப் போதவில்லை. உறையிலிருந்து அதை உருவினேன். வயரோடு செங்கல்பொடி மாதிரி துரு கொட்டியது. எங்கள் ஊரில் கடல் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், இது எம்மாத்திரம். மேலே உறை பளபளவென்று இருந்ததால் யாரும் உள்ளே பார்க்கவில்லை. என் சைக்கிளையும் பார்த்தேன். பிடி ஓரத்தில் வயர் பிரிந்து, மூன்று இழைகள் மீதி இருந்தன.

மணல்மேல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் வந்ததற்கே இப்படி. ஏழு பேர், ஒருவர் சக்கரத்தில் ஒருவர் ஒட்டிக்கொண்டு, இதே வளைவில், நான் எழுதிய தாளைப் பார்த்து இறங்கியிருப்பார்கள்.

மீதி மலையை நடந்தே இறங்கினோம். வழியில் அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, கல்லு தடுக்கிருச்சுன்னு சொல்லிருவோமா?"

"ஏன் அண்ணாச்சி?"

"பிரேக்கு அறுந்துச்சுன்னா, 'பெரிசு, நீ வூட்ல இரு'ன்னு அல்போன்ஸ் சொல்லிருவான். எனக்கு வரணும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இரண்டு மணிக்குக் குமார் லாரியோடு வந்தார். அண்ணாச்சியின் முழங்கையில் துணிக் கட்டு இருந்ததைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் பாட்டை நிறுத்தினார்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரை மணி, திருவொற்றியூர் கடற்கரை டீக்கடை. புறப்பட நாலு நாள்தான் பாக்கி. அந்த வாரம் முழுவதும் அல்போன்ஸ் அண்ணனுக்குப் போன் செய்ய எண்ணைத் தட்டுவேன், மணி அடிக்கும் முன் நிறுத்திவிடுவேன். அன்று அவர் ஏழு மஞ்சள் பனியன்களோடு வந்திருந்தார். முதுகில் எங்கள் பெயர்கள் அச்சடித்திருந்தன.

"அண்ணே, நான் எழுதின பிளான் தப்பு" என்றேன். எனக்கே குரல் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"இன்னா தப்பு?"

"ஏத்தத்தை மட்டும்தான் யோசிச்சேன். எறக்கத்தை யோசிக்கல."

"எறங்குறதுக்கு இன்னாத்துக்கு மாமு யோசனை? அதுவே போய்க்கினு இருக்கும்."

"அதான் அண்ணே பயம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது அண்ணாச்சி சட்டைக் கையை மேலே சுருட்டினார். காயம் கறுத்துக் காய்ந்திருந்தது.

"கல்லு தடுக்கிச்சுன்னு போன்ல சொன்னேன்லா. பொய். பிரேக்கு அறுந்துச்சு. மணல் மட்டும் இல்லேன்னா என் பேரு போட்ட பனியன் உங்களுக்கு மிச்சம்."

யாரும் சிரிக்கவில்லை. "எல்லார் வண்டியையும் கவுத்துப் பாத்துடலாம் அண்ணே" என்றேன். பார்த்தோம். ஐந்து சைக்கிள்களில் வயர் துரு. ஒன்றில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. அல்போன்ஸ் அண்ணன் சைக்கிளில் முன்பக்கம் பிரேக் கட்டையே இல்லை.

"கிரீச்சு கிரீச்சுன்னு பேஜாரு பண்ணிக்கினு இருந்துச்சு. கழட்டிட்டேன்" என்றார். பிறகு, "ரெண்டு வருசம் இருக்கும்" என்றார்.

டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"ஒரு வாரமா தூக்கம் இல்ல சேகரு. நான்தான் ஊரைக் கூட்டினேன். ஏற முடியாம நானே நடுரோட்ல நின்னுட்டா உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு. நீ இன்னாடான்னா எறக்கத்துல சாவுன்ற." என் பக்கம் திரும்பினார். "தள்ளி வெச்சிக்கலாமா? நீ சொல்லு."

அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஒரு மாசம் அண்ணே" என்றேன்.

உடனே ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, சொல்லவில்லை. இன்னொருவருக்கு லீவே இன்னும் கிடைக்கவில்லை. தள்ளிப்போனதில் வருத்தப்பட்டவர் ஒருவரும் இல்லை. புது வயர்கள் அண்ணாச்சி பொறுப்பு. மலையில் ஒரு மின்கம்ப தூரம் இடைவெளி விட்டு ஒவ்வொரு சைக்கிளாக, இரண்டு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தம், இறங்கும்போது நான் முன்னால் என்று முடிவாயிற்று. "தெம்பு வந்தா பெரிசும் வரலாம்" என்றார் அல்போன்ஸ் அண்ணன். "தெம்பு உமக்கு இருக்காவே?" என்றார் அண்ணாச்சி.

வீடுகளுக்குச் சொல்லும் வேலையும் என்னிடமே வந்தது. தாள் என்னுடையது அல்லவா. கடைசியாக அல்போன்ஸ் அண்ணனின் மனைவி ரோஸி அக்காவைக் கூப்பிட்டேன்.

"நிசமாவா சேகரு? அவரே ஒத்துக்கினாரா?"

"ஒத்துக்கிட்டாரு அக்கா."

"மழை வந்து இது நின்னுபோவணும்னு அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேந்துக்கினேன். மழைக்குப் பதிலா நீ வந்துகீற."

"மெழுகுவத்தியை ஏத்திடுங்க அக்கா" என்றேன்.

அன்று பழவேற்காடு போகவில்லை. எட்டு மணிக்கு எண்ணூர் சாலை வழியே தனியாக வீட்டுக்குத் திரும்பினேன். மலையில் சைக்கிளை நிறுத்த வேலை செய்யவேண்டும். எங்கள் சாலையில் மிதியிலிருந்து காலை எடுத்தால் போதும். காலை எடுத்தேன். எதிர்க்காற்றில் வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து தானாக நின்றது. ஓரமாக இறங்கி, வரிசையாக வந்த ட்ரெய்லர்கள் எல்லாம் போகட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.