மில்லிமீட்டர் கட்டிய சரிவு

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லிமீட்டர் என்றால்தான் தெரியும். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் ஏதோ பட்டம் கொடுத்தது போல வாங்கிக்கொள்வார். முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையில் உட்கார்ந்து, இயந்திரத்திலிருந்து வந்து விழும் போல்ட்டுகளை வெர்னியர் என்ற அளவுகோலை வைத்து அளந்து, சரி, தப்பு என்று இரண்டு தட்டுகளில் பிரித்துப் போட்ட மனுஷன். ஓய்வு பெற்ற அன்று அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வெர்னியரை அவராகவே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து தப்புத் தட்டில் விழுவது நாங்கள்தான்.

வருடா வருடம் மழைக்கு ஒரு மாதம் முன்னால் அத்தானுக்குக் கொல்லைப்புறம் ஞாபகம் வந்துவிடும். மற்ற வீடுகளில் என்ன செய்வார்கள்? சருகைக் கூட்டுவார்கள், தகரக் கூரையின் மேல் சாய்ந்த கிளையை வெட்டுவார்கள், வடிகால் வாயில் அடைத்த குப்பையை வாரிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள். ஒரு காலை வேலை. எங்கள் அத்தானுக்கு அது ஆறு வாரத் திட்டம். கட்டம் போட்ட தாளில் வரைபடம் போடுவார். கீழே பச்சை மையில் கையெழுத்தும் போடுவார். யார் கேட்டார்கள் இவர் கையெழுத்தை? சருகு மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கூட்டுவதெல்லாம் ஒரு வேலையா, தான் செய்வது அபிவிருத்தி என்பார்.

அந்த அபிவிருத்திகளைச் சொல்கிறேன், கேளுங்கள். மண்வெட்டி, கடப்பாரை வைக்க மரப்பலகையால் ஒரு சின்ன அறை கட்டினார். மூலைக்கு மூலை அளவு பிசகாத அறை. கதவை உள்பக்கமாகத் திறக்கும்படி வைத்துவிட்டார். சாமான்களை அடுக்கிவிட்டு வந்த மறுநாள் உள்ளே மண்வெட்டி சரிந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டது. இன்றுவரை அந்த அறைக்குள் போக வேண்டுமென்றால் பின்னால் ஒரு பலகையைக் கழற்ற வேண்டும். அடுத்த வருடம் கொல்லை முழுக்கத் தளம் போட்டார். கொத்தனார்கள் கையில் ரசமட்டம் என்று ஒரு சாமான் இருக்கும். நடுவில் ஒரு குமிழி நின்றால் தரை மட்டம் என்று அர்த்தம். அந்தக் குமிழியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கல்லாக இழைத்து, கண்ணாடி மாதிரி மட்டமாகப் போட்டார். தண்ணீர் வெளியே ஓடக் கொஞ்சம் வாட்டம் வைக்க வேண்டும் என்பது எந்தச் சித்தாளுக்கும் தெரியும். இவருக்குத் தெரியவில்லை. மழை பெய்தது, தண்ணீர் போக வழியில்லாமல் நின்றது, நின்ற இடத்தில் பாசி பிடித்தது.

அந்தப் பாசியில்தான் அக்கா வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது சக்கர நாற்காலியில் வந்தாள்.

 மறுவாரம் அத்தான் தளத்தை முழுக்கப் பெயர்த்துப் போட்டார். பெயர்ப்பதற்கும் ஒரு வரைபடம் போட்டார் என்றால் நம்புவீர்களா? நான் பார்த்தேன்.

பின்வாசலில் மூன்று படி. அக்காவுக்கு அந்த வீட்டில் பிடித்ததெல்லாம் அந்த மூன்று படிக்குக் கீழேதான் இருந்தது. கொய்யா மரம், அதன் அடியில் தொட்டிச் செடிகள், ஒரு குழாய். வெளியே போக வேண்டும் என்றால் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கி இறக்க வேண்டும். ஒருவர் அத்தான், இன்னொருவர் நான். நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் நான் சும்மா இருப்பவன் என்பது அவர்கள் வீட்டு எண்ணம். ஒருநாள் அக்காவை மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு நான் வேனுக்குப் போய்விட்டேன். அத்தான் உள்ளே ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் போட்டது, வலுத்தது. அக்கா கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அரை மணி நேரம் நனைந்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா. யாரையும் கூப்பிடாம நானே போகணும், நானே வரணும். அவ்வளவுதான்."

ஒரு சரிவு கட்டினால் போதும். எனக்குத் தெரிந்த கொத்தனாரை மறுநாளே கூட்டி வந்தேன். படியைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார், ரெண்டு நாள் வேலை என்றார். அத்தான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"சரிவு எத்தனை டிகிரி வைப்பீங்க?"

"அதெல்லாம் கண்ணு பார்த்தாலே தெரிஞ்சிடும் சார்."

"கண்ணு எத்தனை மில்லிமீட்டர் வரைக்கும் பார்க்கும்?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சாரே கட்டிக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாரே கட்டினார். ரெண்டு நாள் வேலை ஐந்து வாரம் நடந்தது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று எங்கேயோ படித்து வைத்திருந்தார். இருபது அங்குல உயரத்துக்கு இருபதடி நீளம். அதில் குற்றம் சொல்ல முடியாது. நானும் முடிந்த மட்டும் தேடிப் பார்த்தேன். வாட்டத்தையும் இந்த முறை மறக்கவில்லை. ஓரத்தில் தண்ணீர் இறங்க ஒரு விரல் அகலத்துக்குக் காடி எடுத்திருந்தார். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பேன். "மாப்ளே, ஆடாதே" என்பார். நின்ற இடத்தில் நிற்கிறேன், எங்கே ஆடுகிறேன்? ஜன்னல் வழியாக அக்கா கேட்பாள், "இன்னும் எத்தனை நாளுங்க?" "காய வேண்டாமா?" என்பார். ஐந்து வாரமும் அதே பதில்.

கடைசியாக இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். மேலே ஒரு வரிசை, கீழே சக்கரத்தின் உயரத்தில் இன்னொரு வரிசை. இங்கேதான் வெர்னியர் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது. நாற்காலியின் அகலத்தை ஐந்து இடத்தில் அளந்தார். அதற்கு மேல் பக்கத்துக்குப் பத்து மில்லிமீட்டர் விட்டார்.

"கொஞ்சம் தாராளமா விடுங்களேன் அத்தான்."

"தாராளமா விட்டா வண்டி ஆடும். ஆடினா திரும்பும், திரும்பினா இடிக்கும். சரியா பொருந்தணும். துவாரத்துல போல்ட் போற மாதிரி."

காலி நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னார். தள்ளினேன். எங்கேயும் உரசாமல் மேலிருந்து கீழே வந்தது. அவர் முகத்தில் ஒரு பெருமை வந்ததே, அதைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனார். நான் சும்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சக்கரத்தின் வளையத்தைப் பிடித்து ஒரு உந்து உந்தினேன். வலது கை விரல் முட்டி கீழ்க் குழாயில் உரசித் தோல் வழன்றது. கையை வாயில் வைத்துச் சப்பினேன்.

புரிந்துவிட்டது. நாற்காலியை அளந்தவர் அதை உருட்டுகிற கையை அளக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் போகும். அக்கா தானாக உருட்டினால் போகாது.

குழாய் நட்ட குழிகளில் சிமென்ட் அப்போது ஈரமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிடுங்கித் தள்ளி நட்டிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஐந்து வாரம் டேப் பிடித்தவன், ஆடாதே என்று திட்டு வாங்கியவன், கொத்தனார் முன்னால் தலை குனிந்தவன். ஊரைக் கூட்டித் திறப்பார், அப்போது தெரியட்டும் என்று நினைத்தேன். நாற்காலியைத் துடைத்து உள்ளே கொண்டுபோய் விட்டேன். அத்தான் ஈரச் சிமென்ட் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நினைத்தபடியே பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்திருந்தார். வானம் மூட்டமாக இருந்தது. அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் சரிவின் கீழ்முனையில் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அக்கா தலை சீவி, நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். பின்வாசலைத் தாண்டினாள். யாரும் தொடவில்லை. முதல் உந்தல் சரியாக வந்தது, குழாய் இன்னும் தொடங்கவில்லை. இரண்டாவது உந்தலில் சக்கரம் குழாய்களுக்கு நடுவே நுழைந்தது. மூன்றாவதில் "ஸ்" என்றாள். கையை எடுத்தாள், நாற்காலி தானாக இறங்க ஆரம்பித்தது, பயந்துபோய் மறுபடி வளையத்தைப் பிடித்தாள். இரண்டு கை விரல் முட்டிகளும் குழாயில் தேய்ந்துகொண்டே ஆறேழு அடி வந்து, பிரேக்கைப் போட்டு நின்றாள். புடவையில் ரத்தம் சொட்டியது.

"கையை உள்ள வெச்சுக்க! உள்ள வெச்சுக்கிட்டுத் தள்ளு!" என்று அத்தான் கத்தினார்.

"கையை உள்ள வெச்சுக்கிட்டு எப்படிங்க தள்றது?"

 பக்கத்து வீட்டு அம்மா, "யாராவது பின்னாடி புடிச்சித் தள்ளிட்டா போச்சு" என்றார் நல்லெண்ணத்தோடு. அக்கா உதட்டைக் கடித்தாள். நான் பின்னால் ஓடிப்போய்ப் பிடியில் கை வைத்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. போல்ட் அளக்கிற ஆளு கையை எங்க அளக்கப் போறாருன்னு."

அக்கா தலையைத் திருப்பினாள். பிடியின் மேல் இருந்த என் வலது கையைப் பார்த்தாள். முட்டியில் காய்ந்த பொருக்கு இருந்தது. அவளுக்கு ரத்தம் வந்துகொண்டிருந்த அதே இடத்தில்.

"இது எப்போ?"

நான் கையை எடுத்தேன். அப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"சிமென்ட் காயறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அவருக்குத் தெரியலை. தெரியாம செஞ்சார். நீ தெரிஞ்சே என்னை இதுக்குள்ள விட்டியா?" என்றாள். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டாள். "தள்ளாதே. அங்கிருந்து போ."

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அத்தான் சரிவில் ஏறி வந்து குழாய்க்கு வெளியே மண்டியிட்டார். இஸ்திரி போட்ட சட்டையிலிருந்து வெர்னியரை எடுத்தார். என்ன செய்கிறார் இந்த ஆள் என்று பார்த்தேன்.

"கையை வை" என்றார். "வளையத்தைப் புடிக்கிற மாதிரி வை. அப்படியே."

ரத்தம் வடிகிற கையை அவள் வைத்தாள். வளையத்துக்கு வெளியே முட்டி எவ்வளவு நீள்கிறது என்று வெர்னியரை வைத்துப் பார்த்தார். மூன்று முறை பார்த்தார். "நாப்பத்தாறு" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு நாற்காலியைத் தானே பின்னாலிருந்து பிடித்து, மெதுவாக மேலே இழுத்து, வீட்டுக்குள் கொண்டுபோனார்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. உளியும் சுத்தியலுமாக அந்தக் குழாய்களைப் பெயர்க்க அவருக்கு நான்கு நாள் ஆயிற்று. காய்ந்த கான்கிரீட், நனைந்த ஆள், அறுபத்திரண்டு வயது. இரண்டாம் நாள் நான் ஒரு கடப்பாரையோடு போய் நின்றேன். அத்தான், "வா மாப்ளே, அந்தப் பக்கம் புடி" என்றார். ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அவன் அதைத் தொட வேணாம்."

கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வேனுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், இரண்டு நடைக்கும் நடுவில், வழக்கம் போலப் போனேன். நாற்காலியைத் தூக்கி இறக்க வேண்டிய நேரம் அது. பின்வாசல் திறந்திருந்தது, வீட்டுக்குள் யாரும் இல்லை. குழாய்கள் இரண்டு பக்கமும் தள்ளி நின்றன. கொல்லையில் சருகு அப்படியே கிடந்தது. அக்கா மரத்தடியில் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள், தனியாக. நான் நிற்பது அவளுக்குத் தெரியும். சருகில் என் கால் பட்ட சத்தம் கேட்டிருக்கும். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நாற்காலியைத் திருப்பி, என்னைக் கடந்து, சரிவில் ஏறி உள்ளே போனாள். ஒரு இடத்திலும் கை உரசவில்லை.

"ஏதாவது வேணுமாக்கா?" என்றேன்.

"வேணாம்" என்றாள்.