பழைய மாத்திரைக்காரர்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருடைய முடிவெட்டும் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் 'ரேடியோ'தான். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. கழுத்தில் துணியைச் சுற்றும்போது ஆரம்பிக்கிற கதை, பின்னந்தலைக்குக் கண்ணாடி பிடித்துக் காட்டும்போதுதான் முடியும். முடியாவிட்டால், "மீதி அடுத்த மாசம்" என்று துணியை உதறிவிடுவார்.

கடையில் இரண்டே நாற்காலிகள். வாசலை ஒட்டியது அவருடையது. உள்ளே இருந்தது அவருடைய மச்சினனுக்கு. மச்சினன் வாயே திறக்கமாட்டான். யாராவது கேட்டால், "எனக்கும் சேத்து மாமாவே பேசிடறாரே" என்பான்.

ஐம்பது வயதைத் தாண்டிய கையோடு ஒருநாள் ரேடியோவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி ஒன்றும் இல்லை. முந்தின நாள் சாப்பிட்ட பீட்ரூட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மறுபடியும் அப்படியே போனபோது மனைவி கண்ணில் பட்டுவிட்டது. அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். எந்தக் கறையையும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவைக்கிற வழக்கம் இல்லாதவள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இடது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். தையல் பிரிப்பதற்கு முன்பே வார்டில் அவர் கச்சேரியை ஆரம்பித்தாயிற்று. "ரெண்டு நாற்காலியில ஒண்ணு காலி. அதுக்காகக் கடையை மூடிடுவோமா?"

ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு, வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. சிறுநீரகத்தில் இருந்த நோய் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டரம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். ரேடியோ நின்றுபோனது. அடுத்த சில நாட்கள் கடையில் வாடிக்கையாளர்களிடம் மச்சினன்தான் பேசினான் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார். இந்த நோய்க்கு எல்லாருக்கும் கொடுக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது. புதிதாக ஓர் ஊசி மருந்தும் வேறொரு மாத்திரையும் வந்திருக்கின்றன. அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பழைய மாத்திரையைவிட நன்றாகக் கேட்கிறதா என்று ஆய்வு நடக்கிறது. சேர்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும். டாக்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது.

மனைவிக்கு வந்ததே கோபம். "எலியை வச்சுப் பாக்கற மாதிரி இவரை வச்சுப் பாக்கப்போறீங்களா?"

பக்கத்தில் ஆய்வு வேலைகளைக் கவனிக்கிற சிஸ்டர் உட்கார்ந்திருந்தாள். "எலிகிட்ட யாரும் சம்மதம் கேக்கறதில்லைங்கம்மா. உங்ககிட்ட கேக்கறோம். வேணாம்னு தோணினா நடுவுலகூட விலகிக்கலாம். விலகிட்டாலும் வைத்தியம் நிக்காது. இந்தச் சம்மதக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிங்க. அவசரமே இல்லை."

மனைவி இஸ்திரிப் பெட்டி சூடாகிற இடைவெளியில் எல்லாம் அதைப் படித்தாள். அடுத்த வாரம் போய் சிஸ்டரைக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தெடுத்தாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் கணவர் பக்கம் திரும்பி, "இப்ப போடுங்க கையெழுத்து" என்றாள்.

கம்ப்யூட்டர் அவருக்குப் பழைய மாத்திரையை எடுத்துக் கொடுத்தது.

அவருடைய முகம் தொங்கிப்போய்விட்டது. "எனக்குன்னு வந்தா எப்பவும் ஆறுதல் பரிசுதான் சிஸ்டர்" என்றார்.

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணே, இந்த மாத்திரையும் ஒரு காலத்துல புதுசுதான். இது வர்றதுக்கு முன்னாடி இந்த நோய்க்குச் சொல்லிக்கிற மாதிரி மருந்தே கிடையாது. உங்களை மாதிரி யாரோ கொஞ்சம் பேரு இதே மாதிரி உக்காந்து, சரி, எனக்குக் குடுத்துப் பாருங்கன்னு சொல்லியிருக்காங்க. அதுலயும் பாதிப் பேருக்கு அப்போ இருந்த பழசுதான் கிடைச்சிருக்கும். அவங்க அன்னிக்கு ஒத்துக்கிட்டதாலதான் இன்னிக்கு உங்க கையில குடுக்க எங்ககிட்ட இது இருக்கு."

"அவங்கல்லாம் யாரு?"

"யாருக்குத் தெரியும்? பேரை எல்லாம் வெளியே சொல்லமாட்டாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குகிற இடம் வந்ததும், "அவங்க முகம்கூடத் தெரியாது பாரு" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

நான்கு வாரம் மாத்திரை, இரண்டு வாரம் ஓய்வு என்று கணக்கு. மாத்திரை சாப்பிடுகிற வாரங்களில் எதை வாயில் போட்டாலும் அட்டையை மெல்வது போல இருந்தது. முகத்தில் மஞ்சள் பூத்தது. பிறகு முடி விளையாட்டு காட்ட ஆரம்பித்தது. மாத்திரை சாப்பிடும்போது முளைக்கிற முடி வெள்ளையாகவும், ஓய்வு வாரங்களில் முளைப்பது கறுப்பாகவும் வந்ததால், அவருடைய அடர்ந்த மீசையில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது.

"என்ன ரேடியோ, புது ஸ்டைலா?" என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர்.

"ஆஸ்பத்திரியில போட்டு விடறாங்க. உங்களுக்கும் சொல்லி வைக்கட்டுமா?"

மருந்து வேலை செய்கிறது என்பதற்கு மீசைதான் சாட்சி என்று அவர் பெருமையடித்தபோது, சிஸ்டர் அந்த ஆசையில் மண்ணைப் போட்டாள். "முடி வெளுத்தா மருந்து முடி வரைக்கும் போகுதுன்னு அர்த்தம்ணே. நுரையீரல் கதையை ஸ்கேன்தான் சொல்லணும்."

மீசையைச் சிரித்துச் சமாளித்தார். உள்ளங்கையைத்தான் சமாளிக்க முடியவில்லை. கை சிவந்து, கொப்புளம் கட்டி, தோல் உரிந்தது. கத்தரி வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்தால் நெருப்பில் வைத்த மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். ஒருநாள் கத்தரி கைநழுவி, ஒரு வாடிக்கையாளரின் காதை உரசினாற்போல் கீழே விழுந்தது. நல்லவேளை, காயம் இல்லை. மச்சினன் ஓடிவந்து வாடிக்கையாளரைத் தன் நாற்காலிக்கு மாற்றிக்கொண்டான். ரேடியோ வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார் மனைவியிடம். "கையே போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?"

அவள் அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தாள். "விடறதுன்னா விடுங்க. நான் தடுக்கமாட்டேன். ஆனா கை இந்த லட்சணத்துல இருக்குன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊர்க்கதை எல்லாம் சிஸ்டரிடம் அளந்தவர், இந்த ஒன்றை மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஆய்விலிருந்து பெயரை அடித்துவிடுவார்களோ என்று பயம்.

"நாளெல்லாம் பேசற வாய், பேச வேண்டியதைப் பேசலையே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரம்மா கையைப் பார்த்துவிட்டு நன்றாகவே திட்டினார். மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து, களிம்பும் கொடுத்தார். சிஸ்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "உங்களை அனுப்பிடுவோம்னு யாருண்ணே சொன்னது?" என்றாள். "நீங்க மறைச்சா உங்களுக்கும் கஷ்டம், உங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் கஷ்டம். இந்த மருந்தை எந்த அளவுக்குத் தாங்க முடியுதுன்னு வேற எப்படித் தெரியும்?"

கை ஆறியது. மனைவி வாங்கிக் கொடுத்த பருத்தி உறையை வீட்டில் மாட்டிக்கொண்டு, கடையில் பாதி நேரம் மட்டும் நின்றார். அடுத்த ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். புள்ளிகள் சுருங்கியிருந்தன, சிலது இருந்த இடமே தெரியவில்லை. நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது. மனைவி அந்த அறையிலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவரோ, டாக்டரம்மாவின் கையை எப்படிப் பிடித்து நன்றி சொல்வது என்று தெரியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சில வருஷங்கள் கழித்து ஆய்வு முடிவு வந்தது. கலந்துகொண்டவர்களை ஆஸ்பத்திரியின் கூட்ட அறைக்கு அழைத்துச் சொன்னார்கள். நாற்காலிகள் நிறையவே காலியாக இருந்தன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புதிய மருந்து கிடைத்தவர்களில் அதிகம் பேருக்கு நோய் கட்டுப்பட்டிருந்தது. அதைச் சொல்லும்போது டாக்டரம்மாவின் குரல் கொஞ்சம் தயங்கியது. பழைய மாத்திரைக்காரர்கள் பக்கம் பார்க்கச் சங்கடப்பட்டது தெரிந்தது.

ரேடியோ எழுந்து நின்றார். "அப்ப இனிமே வர்றவங்களுக்கு நல்லதையே மொதல்ல குடுப்பீங்க, இல்லையா டாக்டர்?"

"ஆமாங்க. முடிஞ்ச வரைக்கும் எல்லாருக்கும்."

"எங்களையும் பக்கத்துல வச்சுப் பாத்ததாலதானே அது நல்லதுன்னு தெரிஞ்சது?"

"ஆமா. நீங்க இல்லைன்னா தெரிஞ்சிருக்காது."

"அது போதும். நான் சாப்பிட்டதும் ஒண்ணும் மோசமில்லை. இதோ நிக்கறேனே!"

பின்வரிசையில் யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ எடுத்துவரப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு புள்ளி மட்டும் மறுபடி தலைதூக்கியது. இந்தத் தடவை அவருக்குக் கொடுக்கத் தயாராக அந்த ஊசி மருந்து இருந்தது. அதற்கு நோய் அடங்கிக் கிடக்கிறது. முழுக்கப் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்பதில்லை. காலையில் கடையைத் திறக்கிறார், மத்தியானம் வரை வெட்டுகிறார், பேசுகிறார்.

போன முறை ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்தாள். இன்னொரு ஆய்வு ஆரம்பிக்கிறது, கொஞ்சம் ரத்தம் மட்டும் கொடுத்தால் போதும் என்றாள். "இதால உங்களுக்கு நேரடியா எந்தப் பலனும் இருக்காதுண்ணே. அதை மொதல்லயே சொல்லிடணும்."

"எனக்கான பலனை யார் யாரோ குடுத்துட்டுப் போயிட்டாங்க சிஸ்டர்" என்று அவர் இன்னொரு கையின் சட்டையைச் சுருட்டினார்.

மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "இருங்க. காகிதத்தைக் குடும்மா சிஸ்டர், நான் மொதல்ல படிக்கறேன்."