ஒற்றைப்படைக் குழிகள்

கோல்ஃப் மட்டையைப் பிடித்து மூன்று மாதம்கூட ஆகாத ஐந்து ஆண்கள், கோல்ஃப் ஆடத் தகுந்த இடம் எது என்று ஜீப்பில் ஊர் ஊராகச் சுற்றி ஆராய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்டு ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே இன்ஜினீயர். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த பெரிய அதிகாரிக்கு கோல்ஃப் பைத்தியம். அவர் மட்டையைத் தூக்கிய மறுவாரமே ஆபீசர்கள் அத்தனை பேரும் தூக்கிவிட்டார்கள். அவர் சிகரெட்டை விட்டிருந்தால் இவர்களும் விட்டிருப்பார்கள். அந்த நல்லது நடக்கவில்லை.

பெரிய அதிகாரிக்கு ஒரு ஆசை வந்தது. கணவனும் மனைவியும் ஜோடியாக ஆடும் போட்டி ஒன்று நடத்த வேண்டும். ஜோடிக்கு ஒரே பந்து. ஒரு அடி அவர், அடுத்த அடி அவள். அவர் முள்ளுக்குள் தள்ளினால் அவள்தான் அங்கே போய் அடிக்க வேண்டும். அவள் தள்ளினால் அவர். ஒரு குழிக்கு முதல் அடி கணவன் என்றால் அடுத்த குழிக்கு மனைவி. எங்கள் குடியிருப்பில் எந்தக் குடும்பமும் இவ்வளவு நியாயமாக நடந்ததில்லை.

இடம் பார்க்க ஐந்து ஆபீசர்களை வைத்து ஒரு கமிட்டி போட்டார்கள். அடிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள் நாங்கள்; கமிட்டியில் எங்களில் ஒருத்தி கிடையாது. "லேடீஸுக்கு ஏத்த இடமா இருக்கணும் சார்" என்று லேடீஸ் இல்லாத கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். கமிட்டியில் முக்கியப்புள்ளி என் வீட்டுக்காரர்.

முதலில் செட்டிகுளம் பக்கம் ஒரு தரிசைப் பார்த்தார்கள். மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டம் நின்று பார்க்கும், நம் வீட்டுப் பெண்கள் தடியோடு நின்றால் நன்றாகவா இருக்கும் என்று வேண்டாமென்றார்கள். இவர்கள் தடியோடு நின்ற கோலத்தை நான் பார்த்திருந்தேன். கூட்டம் எதைப் பார்த்துச் சிரித்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் எறையூர் பக்கம் ஒரு சமதரை. சுற்றிலும் கரும்பு. பெண்டாட்டி அடித்த பந்து கரும்புக்குள் போனால் புருஷன்தானே உள்ளே போக வேண்டும், பாம்பு இருக்குமே என்று அதையும் விட்டுவிட்டார்கள். கடைசியில் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் குடியிருப்புக்குப் பின்புறம். ஜீப் கிளம்பிய இடத்திலிருந்தே தெரியும்.

அங்கே ஏழு குழிதான் வெட்ட முடிந்தது. புல் ஏது? குழியைச் சுற்றி மணலில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து கெட்டித்து வைத்தார்கள். முதல் குழிக்குப் போகும் வழியில் குறுக்கே, சுண்ணாம்புக்கல் தோண்டி எடுத்துக் கைவிட்ட பெரிய பள்ளம். பந்து அதைத் தாண்டிப் பறந்தாக வேண்டும்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். "நீ கவலையே படாத. ஒத்தப்படைக் குழிக்கெல்லாம் ஆம்பளைங்க முதல் அடி. தூரமா இருக்கிற நாலையும் ஒத்தப்படையில வச்சுட்டோம். பொம்பளைங்களுக்குக் கிட்டக் கிட்ட மூணு. பள்ளத்துப் பக்கம் நீ வரவே வேண்டாம்."

"ஏன், நான் அடிச்சா தாண்டாதா?"

"அட, சும்மா இரு. உன் மானத்தைக் காப்பாத்திக் குடுத்திருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் என் அண்ணன்களோடு கிட்டிப்புள் ஆடி, வயசுக்கு வந்த அன்றைக்குத்தான் நிறுத்தப்பட்டவள் நான். இவர் ஆலைக்குப் போனதும் இவர் மட்டையை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஸ்டோர்ஸ் ஆபீசரின் மனைவியோடு அந்தப் பள்ளத்தங்கரையில்தான் எத்தனையோ காலைகளைக் கழித்திருந்தேன். என் பந்துகள் பல தாண்டியிருக்கின்றன. எனக்குக் கோப்பை வேண்டாம். இந்த ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பள்ளத்தை ஒரே ஒரு தடவை தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

"ஏழுதானே இருக்கு, போட்டிக்குப் போதுமாங்க?"

"ரெண்டு சுத்து ஆடினா பதினாலு ஆயிடுதில்ல?" என்றார் இன்ஜினீயர்.

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. ஏழு முடிந்து மறுபடி அந்த முதல் குழிக்கு வந்தால் அது எட்டாவது. எட்டு இரட்டைப்படை. படித்த ஐந்து பேர் இத்தனை நாள் உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

"சரிங்க. ரசம் ஊத்தவா?" என்றேன்.

போட்டியன்று முதல் சுற்றில் இவர் அடித்த முதல் பந்தே பள்ளத்துக்குள் இறங்கியது. மட்டை சரியில்லை என்றார். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. இரண்டாம் சுற்றுக்கு வந்ததும் இவர் பழக்கதோஷத்தில் முன்னால் போய் நின்றார்.

"இது எட்டாவதுங்க. முறை என்னுது" என்றேன்.

ஐவரும் விரல் விட்டு எண்ணினார்கள். முகங்கள் தொங்கின. ஒருவர் பெரிய அதிகாரியிடம் ஓடிப்போய், "லேடீஸ் டயர்டா இருப்பாங்க சார், ஒரு சுத்தோட முடிச்சுக்கலாம்" என்றார். வெயிலில் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தது அவருக்குத்தான். இதையும் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். பெரிய அதிகாரி தானும் எண்ணிப் பார்த்தார், சிரித்தார். "எட்டு லேடீஸ் நம்பர். அடிக்கட்டும்" என்றார்.

தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடித்தேன். பந்து பள்ளத்தைத் தாண்டி, குழிக்குக் கொஞ்சம் தள்ளி வாகாக உட்கார்ந்தது. ஸ்டோர்ஸ் ஆபீசரின் மனைவி மட்டும் கைதட்டினாள். என் வீட்டுக்காரர், "பின்காத்து" என்றார். ஒரு இலை அசையவில்லை.

அடுத்த அடி அவருடையது. பந்தைக் குழிப் பக்கம் லேசாகத் தட்டிவிட்டால் போதும். எல்லோரும் சுற்றி நின்றார்கள். புத்தகத்தில் படித்தபடி முழங்காலை மடித்தார், இடுப்பை ஆட்டினார், மட்டையைத் தலைக்குமேல் ஓங்கி வீசினார். மண் பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"இது சும்மா, ஒத்திகை" என்று சொல்லி மறுபடி காலை அகட்டினார்.

நான் மட்டையோடு பக்கத்தில் போனேன். "படலேன்னாலும் அதுவும் ஒரு அடிதாங்க, ரூல் அப்படித்தான். நகருங்க, இப்ப என் முறை."

அவர் பெரிய அதிகாரியைப் பார்த்தார். பெரிய அதிகாரி ஆமாம் என்று தலையசைத்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவர் நகர்ந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் இன்னொரு ஆண் தலையசைத்த பிறகு.