எல்லாக் கிணத்துக்கும் ஒரே ருசி

எங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி எண்டு கெம்பஸ்ல ஒரு புத்தகத்தில எழுதிக் கிடக்காம். அத எழுத வெச்சது நான். கையெழுத்துக் கேட்டா பெருவிரல நீட்டுற நான்! நினைச்சா சிரிப்பு வருது. சிரிச்சு முடிய வாய் கசக்குது. இதையும் நான் எழுதல்ல, ஃபோனுக்குக் கிட்ட கதைச்சா அது எழுதுதே, அப்பிடித்தான்.

எங்கட ஊர் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. படிச்ச ஆக்கள் வாவி எண்டுவாங்க, எங்களுக்கு அது ஆறுதான். மாரியில கிணத்துத் தண்ணி குடிக்க நல்லம். கோடையில கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா ஆத்து உப்பு உள்ளுக்கு ஏறிடும். சவர். சவுக்காரம் நுரைக்காது. அதால குடிக்க மட்டும் கோயில் கிணத்தில ஒரு குடம் தூக்கிட்டு வாறது. சமையல், தேத்தண்ணி, குளிப்பு எல்லாம் வீட்டுக் கிணத்தில.

எங்கட பக்கம் வீடு வளவு பொம்புளப் புள்ளைக்குத்தான், மாப்பிள்ளதான் நம்மட வீட்டுக்கு வந்து இருப்பார். இளைய மகளுக்கு இந்த வீட்டையும் கிணத்தையும் குடுத்தன். மருமகன் பாசிக்குடாவில ஹோட்டல்ல வேலை, வெள்ளைக்காரருக்கு கட்டில் சீலை விரிக்கிறவர், கிழமைக்கு ஒருக்கா வருவார். கலியாணப் பேச்சு நடந்தது நல்ல மாரி. சம்மந்தி தேற்றாத்தீவுக்காரி, அவட கிணத்துத் தண்ணி இளநீர் மாதிரி இருக்கும். அவக்கு நான் சொன்னன், "எங்கட கிணறு எந்தக் கோடைக்கும் வத்தாது, தண்ணியும் நல்லம்." வத்தாதது உண்மை.

பிறகு ஒரு கச்சானுக்க, மகள் சந்தைக்குப் போன நேரம், கெம்பஸ் புள்ளை ஒருத்தி வெள்ளைப் பெட்டி நிறையப் போத்தலோட வந்தாள். அண்டைக்கெண்டு பாத்து சம்மந்தி முன்னுக்கு கதிரையில இருந்து வெத்திலை போடுறா.

"அம்மம்மா, உங்கட கிணத்துத் தண்ணி ஒரு போத்தல் எடுக்கவா?"

"என்னத்துக்கு மனே?"

"படிப்புக்கு. தண்ணி எப்பிடி எண்டு பாக்க."

படிப்புக்கு எண்டா நல்லதத்தானே குடுக்கணும்? சோதினைக்குப் போற புள்ளைக்கு கிழிஞ்ச சட்டையப் போட்டா அனுப்புறது? சம்மந்தி வேற வெத்திலைய விட்டுட்டு எங்களையே பாக்குறா. "வெயிலுக்க நிக்காத மனே, குந்து. நான் அள்ளித் தாறன்" எண்டு போத்தல வாங்கிட்டு பின்னுக்குப் போனன். வாளிய கிணத்துக்க தொப்பெண்டு போட்டன், முன்னுக்கு ரெண்டு பேருக்கும் கேக்கட்டும் எண்டு. போத்தல நிரப்பினது குசினிக்குள்ள, கோயில் தண்ணிக் குடத்தில.

கொஞ்ச நாளையால அந்தப் புள்ளை பிஸ்கட் பைக்கற்றோட திரும்ப வந்தாள். முகமெல்லாம் பல்லு.

"அம்மம்மா, உங்கட ஒழுங்கையில எல்லாக் கிணத்துக்கும் ஒரே அளவு! இவ்வளவு ஒத்து வாற அளவ எங்களப் படிப்பிக்கிற சேர் கண்டதே இல்லயாம். நல்ல தண்ணி எண்டு எழுதிட்டார்."

எனக்கும் அவள்ட சந்தோசம் ஒட்டிக்கிட்டு. ஆனா உள்ளுக்க ஒரு எரிச்சல். மத்தவளுகள்ட கிணறெல்லாம் நல்லமெண்டா, என்ட கிணறு மட்டுமா சவர்? முன்வளவுக்காரி எப்பயும் தண்ணி சரியில்ல எண்டு புலம்புவாளே, அவளும் பொய்யா? அந்த பிஸ்கட்ட அண்டைக்கே திண்டு முடிச்சன். இஞ்சி பிஸ்கட், எனக்கு நல்ல விருப்பம்.

அடுத்த வருசக் கச்சானுக்க மகள் வயித்தோட இருந்தாள். குடம் தூக்கக் கூடாது எண்டு மருத்துவிச்சி சொல்லிட்டா. என்ட முழங்காலுக்கு அரைக் குடம்தான் ஏலும், அதும் ஒரு நாளைக்கு ஒருக்கா. அது முடிஞ்சா வீட்டுத் தண்ணியத்தான் மகள் குடிச்சாள். கால் வீங்கிச்சு, பிரஷரும் ஏறிச்சு.

கிளினிக்கில அந்த நேரம் டொக்டருக்குப் படிக்கிற கூட்டம் ஒண்டு. அவங்களும் ஆராய்ச்சிதானாம். ஆக்கள்ட மூத்திரம் வாங்கி உப்புப் பாத்தாங்க. எங்கட ஒழுங்கை ஆக்களுக்கு மட்டும் உப்புக் கூட எண்டு கண்டாங்க.

"தண்ணியா இருக்குமோ?" எண்டு ஒருத்தன் கேட்டான்.

மத்தவன் ஃபோன நோண்டிப் பாத்தான். "இல்ல, கெம்பஸ்ல அளந்து எழுதியிருக்காங்க. தண்ணி சோக்கா இருக்கு." பிறகு மகளுக்கு ஏச்சு. "கருவாடு திங்கிறத நிப்பாட்டுங்க. புள்ளைய யோசிக்க மாட்டீங்களா?"

மசக்கை தொடங்கின நாளையில இருந்து கருவாட்டு மணமே அவளுக்கு ஆகாது. அடுத்த வளவில பொரிச்சாலே ஓங்காளிப்பாள். அத நான் சொன்னன். அவன் நம்பல்ல. குடத்துக் கதைய நான் சொல்லல்ல. பக்கத்துக் கதிரையில சம்மந்தி இருந்தா.

புள்ளை மாசம் நிறைய முந்தியே பிறந்திச்சு. கைக்குள்ள அடங்குற அளவு. தண்ணியாலதான் எண்டு எந்த டொக்டரும் சொல்லல்ல. எப்பிடிச் சொல்லுறது? தண்ணி நல்லம் எண்டு எழுதிக் கிடக்கே.

பிறகு பைப் தண்ணி வந்திச்சு, எங்களுக்கு இல்ல, றோட்டுக்கு அங்கால உள்ளவங்களுக்கு. மகள் கைப்புள்ளையோட ஒப்பீசுக்குப் போய்க் கேட்டாள். "உங்கட ஒழுங்கைக்கு அவசரமில்ல, கிணறெல்லாம் நல்லமாம்" எண்டு அனுப்பிட்டாங்க. கெம்பஸ் புள்ளைக்கு ஃபோன் எடுத்தது மகள்தான்.

அவள் கச்சானுக்க வந்தாள். இந்த முறை உப்பு அளக்கிற பேனை மாதிரி ஒரு சாமான் கையில. தானே வாளியப் போட்டு அள்ளி, தண்ணிக்க அத வெச்சாள். முகம் மாறிச்சு. "இது பழுது போல" எண்டு துடைச்சுத் திரும்ப வெச்சாள். மூண்டாந்தரமும் அதே அளவு. முன்வளவுக் கிணத்துக்குப் போய்ப் பாத்தாள், அங்கயும் அப்பிடித்தான். கிறுகி வந்து கிணத்துக் கட்டில குந்திட்டாள்.

எனக்குப் பொறுக்கல்ல. "மனே, அண்டைக்கு நான் தந்தது குடத்துத் தண்ணி. கோயில் கிணறு."

வேலிக்கு அங்கால நிண்ட முன்வளவுக்காரி கேட்டாள், "நீயுமாக்கா?"

"என்ன, நீயுமா?"

"பின்ன? படிக்க வந்த புள்ளைக்கு சவர்த் தண்ணியா குடுக்கிறது?"

அந்தப் புள்ளை வீடு வீடாப் போய்க் கேட்டாள். எல்லாருமே கோயில் குடம்தான்! திரும்பி வந்து மெதுவாச் சொன்னாள், "அம்மம்மா, நான் ஒரு கிணத்தத்தான் திரும்பத் திரும்ப அளந்திருக்கன்." நானும் அவளும் வயிறு நோகச் சிரிச்சம். சிரிச்சு முடிஞ்சதும் அவள் அழுதாள். அந்தப் புத்தகத்துக்குத்தான் அவளுக்குப் பட்டம் குடுத்ததாம்.

ஆனாலும் நல்ல புள்ளை, போய் சேரிட்டச் சொல்லியிருக்காள். சேர் சொன்னாராம், ரெண்டு அளவும் ஒத்து வரல்ல, மூண்டாவது அளவு தானே வந்து எடுக்கிறன் எண்டு. வந்தார். எப்ப வந்தார்? கார்த்திகை மழை ஓய்ஞ்சு, கிணறு தரை மட்டத்துக்கு நிரம்பி நிக்கிற நேரம்.

"இப்ப அளக்காதீங்க சேர். கச்சானுக்க வாங்க."

"அம்மா, எப்ப அளந்தாலும் அளவு அளவுதான்."

புள்ளை பாக்க வந்த சம்மந்தி அண்டைக்கும் அதே கதிரையில. வெக்கத்த விட்டுட்டு அவக்கு முன்னால சத்தமாச் சொன்னன், "இது சவர்த் தண்ணி சேர். கலியாணத்துக்கு முந்தியே சவர்." அள்ளிக் குடுத்தன். அவர் பேனைய வெச்சார், ஒரு வாய் குடிச்சும் பாத்தார்.

"நல்ல தண்ணி அம்மா. முதல் அளவோட ஒத்து வருது. நடுவில எடுத்ததுதான் பிழை."

அவர் போன பிறகு சம்மந்தி கதிரைய விட்டு எழும்பாமலே சொன்னா, "எனக்கு முதல் கோடையிலயே தெரியும் சம்மந்தி. உங்கட சோத்துக்கு உப்பே போடத் தேவையில்ல. சொன்னா நீங்க நோவீங்க எண்டு விட்டன்."

நான் ஒளிச்சதும் அவக்கு. அவ ஒளிச்சதும் எனக்கு. குடிச்சது என்ட மகள்.

மகள் வாசல்ல நிண்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காள். இப்ப திரும்பக் கச்சான் அடிக்குது. நேத்து இடுப்பில குடத்த வெச்சுக்கிட்டு கோயிலடிக்கு வெளிக்கிட்டாள்.

"தா மனே, அரைக் குடம் எண்டாலும் நான் அள்ளிட்டு வாறன்."

"நீங்க புள்ளையப் பாருங்கம்மா" எண்டாள். "நீங்க அள்ளினா எந்தக் கிணத்துத் தண்ணி எண்டு எனக்குத் தெரியா."