கழிவுத் துணியில் தைத்த சிலை

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு துணிப்படம் மடித்துக் கிடக்கிறது. பழைய பெட்ஷீட் ஒன்றின் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு சிலை. மஞ்சள் துணியில் தலை, சாம்பல் நிறத்தில் மார்பும் கைகளும், செம்பழுப்பில் வயிறும் தொடையும், கறுப்பில் கால். பாதத்தில் மட்டும் கறுப்பும் செம்மண் நிறமும் கலந்து ஒட்டுப் போட்டிருக்கும். தைத்தவர் எங்கள் உபதேசியார். நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள். பாபிலோன், பெர்சியா, கிரேக்கு, ரோமாபுரி என்று எனக்கு வரிசையாகச் சொல்ல வருகிறது என்றால் அது இந்தத் துணியால்தான்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டராக இருந்தார். நான் அங்கே செக்கிங் மேசையில், தைத்து வரும் பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிக்குப் பின்னால் இருந்த பழைய குடோனில் அவர் ஜெபம் நடத்துவார். முதலாளி வேறு சாமி கும்பிடுகிறவர். ஆனாலும் ஆட்கள் ஊருக்கு ஓடாமல் இங்கேயே தங்கட்டும் என்று இடத்தைச் சும்மா விட்டிருந்தார். நான் செருப்புகள் கிடக்கும் வாசலோரம்தான் உட்காருவேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

ஒரு வருஷம், எங்கள் பனியன் போகிற வெளிநாடுகளில் பேங்குகள் முழுகிப்போனதாகச் சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்தது, ராத்திரி ஷிப்ட் நின்றுபோனது மட்டும்தான். அப்போதுதான் உபதேசியார், பாபிலோன் ராஜா கனவில் இப்படி ஒரு சிலையைக் கண்டதையும் அதற்குத் தானியேல் தீர்க்கதரிசி சொன்ன அர்த்தத்தையும் பிரசங்கம் பண்ண இந்தப் படத்தைக் கொண்டுவந்து மாட்டினார். ஒவ்வொரு நிறமும் ஒரு ராஜ்யம், பொன் தலை பாபிலோன். அது போய் அடுத்தது எழும்பும், அதுவும் போகும். கடைசியில் யாரும் கைவைக்காமல் பெயர்ந்துவந்த ஒரு கல் பாதத்தில் மோதி, முழுச் சிலையும் களத்துப் பதர் மாதிரி காற்றில் பறந்துவிடும் என்றார். வாரமெல்லாம் நின்று துணி வெட்டிய அலுப்பு அவர் குரலில் இருக்கும். எதையும் கத்திச் சொல்ல மாட்டார்.

எங்கள் சனம் பார்த்தது ராஜ்யங்களை அல்ல, துணியை. என் பக்கத்தில் இருந்த ஓவர்லாக் தைக்கும் பெண் காதோடு சொன்னாள். "ஏனுங்கக்கா, அந்த மஞ்சத்துணி நம்ம கம்பெனி புதுசுல ஓடுன ஆர்டருங்க. ராப்பகலாத் தெச்சமே! சாம்பலு அதுக்கப்பறம் வந்ததுங்க." கறுப்பு போன வருஷத்தது. செம்மண் நிறம், சாயம் நிற்கவில்லை என்று அப்போதுதான் திரும்பி வந்து மூலையில் கிடந்த ஆர்டர். "பாத்தீங்களா, காலுக்கு வந்துட்டம். இனிக் கல்லு உழுகறதுதான் பாக்கி," என்று சிரித்தாள். சிரித்தவள் அந்த வாரமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அவளைப் பார்த்து ஒரு லைன் முழுக்கக் காலியானது. ஒரு கம்பெனி மூடப்போகிறது என்று பேச்சுக் கிளம்பிவிட்டால் போதும், இந்த ஊரில் அதை மூட வேறெதுவும் வேண்டியதில்லை.

விஷயம் தெரிந்ததும் உபதேசியார் தலையில் கைவைத்துக்கொண்டார். "வெட்டுன மிச்சத்துல கைக்கு அகப்பட்டத எடுத்துத் தச்சேன். அதுல போயி எவனாவது ஆர்டர் பாப்பானாம்மா?"

"நாங்க பாப்பமுங்க ஐயா," என்றேன்.

மறுநாள் முதலாளி கட்டிங் மேசைக்கே வந்தார். பக்கத்துச் செக்கிங் மேசையில் கத்தரியைக் கீழே வைக்கவும் பயந்து நான் அப்படியே நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. "உபதேசியாரே, பேச்சு உங்களால வந்ததுங்க. வர்ற ஞாயித்துக்கெழம, இந்தக் கம்பெனிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு ஆண்டவரே சொல்லிட்டாருன்னு சொல்லிப்போடுங்க. இல்லீன்னா குடோன உட்டுருங்க. வேலையும் வேண்டாங்க."

"கம்பெனிக்காக ஜெபம் பண்ணுதேன் மொதலாளி. அவரு சொல்லாதத சொன்னாருன்னு எப்படிச் சொல்ல?"

"பாபிலோன் உழுகும்னு மட்டும் சொல்லத் தெரியுதுங்களா?"

"அது உழுந்து வெகு காலமாச்சு மொதலாளி. அதான் தைரியமாச் சொல்லுதேன்."

முதலாளிக்கே சிரிப்பு வந்து உதட்டோரம் நின்றுவிட்டது. சிரிக்காமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். துணிக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை, யோசிக்காமல் தைத்தது தன் தப்பு என்றார். கம்பெனி நிற்குமா என்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவ்வளவுதான். படத்தைக் கழற்றி மடித்து, வாசலில் இருந்த என்னிடம் கொடுத்தார். "நீங்க வச்சுக்கிடுங்கம்மா."

சனம் கலைந்த பிறகு, ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன். "ஏனுங்க ஐயா, அந்தச் சிலை உழுந்தப்ப அதும்பட அடீல நின்ன சனமெல்லாம் என்னாச்சுங்க?"

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அந்தச் சனத்த ராஜா கனவுல காணலியேம்மா," என்றார்.

மறுநாள் கட்டிங் மேசையில் வேறு ஆள் நின்றார். குடோனுக்குப் பூட்டுப் போட்டார்கள். உபதேசியார் பல்லடத்தில் துணி வெட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் அந்தச் சேதியும் இல்லை. கம்பெனி கொஞ்ச காலம் நொண்டி நடந்துதான் நின்றது. அதே கட்டடத்தில் இப்போது வேறு போர்டு. உள்ளே இந்திப் பேச்சு கேட்கிறது. நான் பக்கத்துக் கம்பெனிக்குப் போனேன். அந்த ஓவர்லாக் பெண் அங்கே எனக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டீங்களாக்கா?" என்றாள். கண் மங்கும்வரை அங்கேயும் பிசிறுதான் வெட்டினேன்.

இன்று பெட்டியைத் திறந்து படத்தைக் கட்டிலில் விரித்தேன். பொன் தலை வெளுத்துக்கொண்டே வந்து இப்போது எந்த நிறமும் இல்லாமல் இருக்கிறது. பாதத்தில் தையல் விட்டு, நூல் ஒன்று நீண்டு தொங்கியது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை வெட்டினேன்.