காத்தரீனாவின் ஆறாவது பிள்ளை

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். போன நவம்பரில், பாரிஸ் நகரத்து லா சப்பலில், என் வீட்டுப் படிக்கட்டில் நடந்தது இது. ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

என் பெயர் சாம்பவி. பாரிஸுக்கு வருமுன் எட்டு வருடம் ஜெர்மனியில் அகதியாக இருந்தேன். அங்கே கற்ற மொழிதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. அமெரிக்கர்களுக்கு அவர்களுடைய ஜெர்மன் முன்னோரைத் தேடிக் கொடுக்கிறேன். என்னை நாட்டில் இருக்க விடலாமா என்று ஜெர்மன் அதிகாரிகள் வருடக்கணக்கில் யோசித்தார்கள். இந்த அமெரிக்கர்களோ, இருநூற்று எழுபது வருடத்துக்கு முந்திய தங்கள் அகதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறார்கள்.

அந்த முறை வந்தவர் ஒரு பென்சில்வேனியாக் கிழவர். அவருடைய வம்சத்தின் முதல் அமெரிக்கப் பெண் காத்தரீனா. 1752இல் ஐந்து பிள்ளைகளோடு கப்பலில் வந்திறங்கியவள் என்பது குடும்பப் பெருமை. நான் பழைய பதிவுகளில் தேடியபோது ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவள் ஏவா, ஏழு வயது. ரொட்டர்டாம் துறைமுகத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கப்பல்காரன் ஏற்ற மறுத்துவிட்டான். தாய் மற்ற ஐந்தையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். ஏவா பிறகு என்ன ஆனாள் என்று எங்கேயும் இல்லை.

கிழவர் தொலைபேசியில் கோபப்பட்டார். "எங்கள் குடும்பத்தில் யாரும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்."

எடுத்தேன். பிழைப்பு.

அன்று மழை. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. நான் சமைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் லக்சிகாவுக்கும் ஏழு வயதுதான். வாசற்கதவுப் பக்கம் அவள் யாரோடோ பேசுவது கேட்டது.

"ஆரோடை கதைக்கிறாய்?"

"ஒரு வெள்ளைக்கார மதாமோடை. வெளியிலை நிக்கிறா."

கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. ஆனால் மூன்றாம் மாடி வாசலில் தரை நனைந்திருந்தது. மழை ஈரம் இல்லை அது... கடல் நாற்றம் அடித்தது.

கதவைப் பூட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன்.

ஐந்தே கால் இருக்கும். படியில் ஒரு பெண் குரல். மெதுவாக எண்ணியது. ஜெர்மன் மொழியில்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து...

நின்றது.

மறுபடி ஒன்றிலிருந்து. கூட்டத்துக்குள் ஒரு தாய் தன் பிள்ளைகளைத் தலை தொட்டு எண்ணுவாளே, அப்படி. ஐந்தில் நின்றது. மறுபடியும்...

அடுப்பை அணைத்தேன்.

நான்கு... ஐந்து...

"ஆறு."

லக்சிகாவின் குரல். அதுவும் ஜெர்மனில். அவளுக்கு ஜெர்மன் தெரியாது.

குரல் வந்தது வெளியிலிருந்து.

கதவு பூட்டியபடி இருந்தது. சாவி உள்பக்கம்.

ஓடினேன். படியெல்லாம் ஈரம்.

கீழே, மளிகைக் கடை வாசலில், லக்சிகா தனியாக நின்றாள். அவளுடைய வலது கை மட்டும் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"எங்கை போனனீ?"

அவள் மெத்ரோ நிலையத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே ஏவாவின் பெயரைத் திரும்பச் சேர்த்து அனுப்பினேன். கிழவர் அதைத் தானே நீக்கிவிட்டுக் குடும்ப வரலாற்றை அச்சடித்தார். அட்டையில் காத்தரீனாவுக்கு 'தியாகத் தாய்' என்று பட்டம். பிள்ளைகள் ஐந்து பேர்.

இரண்டு வாரம் கழித்து மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சவிரிமுத்து அண்ணை கறிவேப்பிலையைப் பையில் போட்டபடி கேட்டார்.

"தங்கச்சி, அண்டைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரி ஆர்?"

"எந்த வெள்ளைக்காரி, அண்ணை?"

"நீட்டுப் பாவாடை. முழுக்க நனைஞ்சு நிண்டவ. பிள்ளையைக் கடை வெளிச்சத்துக்குக் கொண்டந்து, முகத்தை வடிவாப் பாத்தா. இதில்லை எண்ட மாதிரித் தலையை ஆட்டிப்போட்டுக் கையை விட்டிட்டா."

"பிறகு?"

"மெத்ரோ ரயில் ஸ்ரேசன் பக்கம் போனா. அங்கை தனிய நிண்ட ஒரு சின்னப் பெட்டையின்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா. நான் தாய் எண்டு நினைச்சிட்டன்."