பூ விழும் வரை

அந்தத் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறையும் தோற்றால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில், கணக்கெல்லாம் ஓடும் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். பத்தாவதைத் தாண்டாதவன். கம்ப்யூட்டர் கடையில் ஸ்க்ரூ முடுக்கிப் பழகிய வேலை. டேட்டா தொலையாமல் நகல் எடுத்து வைக்க வேண்டும். ஒரு சர்வர் பழுதாகி விழுந்தால் இன்னொன்று தானாக வேலையை ஏற்க வேண்டும். இத்தனை வருஷம் செய்த வேலைக்கு இப்போது தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள்.

புத்தகம் முழுக்க இங்கிலீஷ். பக்கத்தை முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடும். செய்முறை அதைவிட மோசம். வீட்டில் இரண்டு பழைய கம்ப்யூட்டரை இணைத்துப் பழகினேன். ஒன்று மற்றதை "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் அது செத்துவிட்டதாக எண்ணி இது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நாம்தான் குறிக்க வேண்டும். பயந்த சுபாவம் எனக்கு. குறைவாக வைத்தால்தான் பத்திரம் என்று நினைத்தேன். ஆனால் இரண்டும் மாறி மாறி விழுந்து எழுந்தன. ஏன் என்று விளங்கவே இல்லை. கீபோர்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

என் மனைவி பூங்கொடி சிரித்தாள். "ஏனுங்க, நான் ஒருக்கா போன் எடுக்கலீன்னா பக்கத்தூட்டுக்குப் போன் போட்டு உசுரோட இருக்கறாளான்னு கேக்கற ஆளு நீங்க. மெசினும் உங்களையாட்டமே இருக்குதுங்க."

எரிச்சலாக வந்தது. குலதெய்வம் கோயிலுக்குப் போனேன். மூன்றாவது முறை எழுதலாமா என்று அம்மன் சிரசில் பூ வைத்து வாக்குக் கேட்டேன். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. விழவில்லை.

"வேற பூ வையுங்க" என்றேன். பூசாரி வைத்தார். அதுவும் விழவில்லை. மறுபடி மாற்றச் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"சாமி, அம்மா வாயத் தொறக்கறதுக்குள்ள பதிலே இல்லீன்னு நீங்களே முடிவு கட்டுனா எப்புடிங்க? சித்த பொறுங்க."

கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். தாயே, உனக்கும் நான் இளக்காரமா என்று அழுதேன். பூ அசையவில்லை. பூங்கொடி சொன்னது அப்போதுதான் மனதில் தைத்தது. பதில் வருவதற்குள் செத்ததாக நினைப்பது மெசின் அல்ல, நான். நான் வைத்த நேரம்தான் அதைப் படுத்தியது. கண்ணைத் துடைத்து நிமிர்ந்தேன். பூ வலப்பக்கம் நழுவி விழுந்தது.

வீட்டுக்குப் போனதும் அந்த நேரத்தைக் கூட்டி வைத்தேன். இரண்டும் அடங்கி நின்றன.

சேலத்தில் செய்முறைத் தேர்வு. நேரத்தைச் சரியாகக் குறித்துவிட்டு ஒரு சர்வரை நிறுத்தினேன். மற்றது எழவில்லை. திரும்ப முதலிலிருந்து செய்யக் கை துடித்தது. "தாயே" என்று ஒருமுறை சொல்லிக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்தது. தேறினேன். வேலையும் நிலைத்தது.

அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். இப்போது வீட்டுக்கு நாளுக்கு ஒருமுறைதான் போன் செய்கிறேன். "ஏனுங்க, போனையே காணம், உசுரோட இருக்கறீங்களா?" என்று பூங்கொடி கூப்பிடுகிறாள்.

என்னைப் போலத் தவிப்பவர்களே, நீங்களும் அம்மனிடம் கேளுங்கள். கேட்டபின் பூவை எடுக்காதீர்கள். உட்காருங்கள். அவள் இருக்கிறாள்.